பன்னிரண்டாம் வகுப்புப் பையனின் கூடைப்பந்து ஆட்டத்தை எடைபோடுவது எப்படி?

2012 ஏப்ரல் 2. நியூ ஆர்லியன்ஸ் நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் அந்தனி டேவிஸ் முதல் பாதி முழுவதும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆட்டம் முடியும்போது பத்து முறை எறிந்து ஒரே ஒரு தடவைதான் பந்தை வளையத்துக்குள் போட்டிருந்தார். எதிரணியின் தவறுக்கு ஈடாகத் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களையும் சேர்த்து மொத்தம் 6 புள்ளி. ஆனால் 16 ரீபவுண்டு, அதாவது உள்ளே விழாமல் திரும்பி வந்த பந்துகள், எடுத்திருந்தார். எதிரணி எறிந்த 6 பந்துகளைக் கையால் தட்டிவிட்டிருந்தார். கென்டக்கி 67-59 என்று கான்சஸை வென்றது. கடைசிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதை டேவிஸுக்கே கொடுத்தார்கள். அந்த ஜூன் மாதம், தொழில்முறை அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்ட்டில் முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தார்கள்.

இதே டேவிஸ் சிகாகோவில் பள்ளியில் படித்தபோது 6 அடி 2 அங்குலம் இருந்த ஒல்லிப் பையன். அவருடைய பள்ளி கூடைப்பந்துக்குப் பேர்போனது இல்லை. ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்று அப்போது வந்தது கிளீவ்லாந்து ஸ்டேட் என்ற ஒரே கல்லூரிதான். பிறகு அவர் ஏறக்குறைய 8 அங்குலம் வளர்ந்தார். சின்ன ஆளாக இருந்தபோது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழகிய கை அப்படியே இருந்தது, உடம்பு மட்டும் 6 அடி 10 அங்குலம் ஆகிவிட்டது. சில மாதங்களில் நாட்டின் முதன்மையான பள்ளி ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார்.

பள்ளி ஆட்டக்காரரை எடைபோடும் கலையில் உள்ள எல்லாக் கஷ்டமும் இந்த ஒரு கதையில் இருக்கிறது. பார்க்கப்படும் ஆளுக்கு வயது 16, 17. உடம்பு இன்னும் முடிவாகவில்லை. புள்ளிக் கணக்கு பாதி உண்மையைத்தான் சொல்லும். பெரிய கண்கள் எல்லாம் வேறு ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆள் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருப்பான். இதையெல்லாம் தாண்டி, ‘இவன் நம் கல்லூரிக்கு வந்தால் நன்றாக இருக்குமா?’ என்று லட்சக்கணக்கான ரசிகர்கள் வருடம் முழுவதும் யோசிக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் புதிதாக வருகிறவருக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஏற்பாடு. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்தட்டான முதல் டிவிஷனில் 360க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து அணிகள் உண்டு. இங்கே ஏலமும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. பயிற்சியாளரே பையனின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்து, போனில் பேசி, வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து பேசி, ‘எங்களிடம் வா’ என்று கேட்க வேண்டும். முடிவு பையனுடையது. ஓர் அணிக்கு நெடுநாளாக 13 ஸ்காலர்ஷிப்தான் இருந்தது. 2025இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரிய கல்லூரிகளில் அணிக்கு 15 பேர் என்று ஆகியிருக்கிறது. களத்தில் நிற்பது ஐந்தே பேர். கால்பந்திலோ கிரிக்கெட்டிலோ ஒரு நல்ல ஆள் வந்தால் அணி கொஞ்சம் மாறும். கூடைப்பந்தில் ஒரே ஒரு பையன் வந்தால் அணியின் தலையெழுத்தே மாறலாம். டியூக், கான்சஸ், கென்டக்கி, இந்தியானா மாதிரியான இடங்களின் ரசிகர்கள் இன்னும் கல்லூரியில் காலடி வைக்காத ஒரு பையனைப் பற்றி இவ்வளவு பேசுவது அதனால்தான்.

நட்சத்திரக் கணக்கு

புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது நட்சத்திரம். 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இ.எஸ்.பி.என். போன்ற நிறுவனங்கள் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கின்றன, பையன்களை வரிசைப்படுத்துகின்றன, ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கின்றன. ஒரு வருடத்தில் பள்ளியை முடிக்கும் பையன்களில் ஐந்து நட்சத்திரம் கிடைப்பது ஏறத்தாழ 25, 30 பேருக்குத்தான். அதற்கடுத்து நூற்றைம்பது பேர் வரையில் நான்கு நட்சத்திரம், அதற்குக் கீழே மூன்று. இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். வருடம் முழுக்க ஜிம் ஜிம்மாக உட்கார்ந்து பார்க்கிற ஆட்களின் கண் அது. முதல் பத்துக்குள் இருக்கும் பையன்களில் பலர் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள்.

ஆனால் வரிசையின் படிகள் ஒரே உயரமானவை இல்லை. முதல் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கலாம். 60ஆம் இடத்துக்கும் 110ஆம் இடத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ‘எங்களுக்கு 58ஆவது ஆள் வந்தான், உங்களுக்கு 97ஆவது ஆள்’ என்று சண்டை போடுவதில் பொருள் இல்லை. அந்த இடத்தில் இரண்டு பேரையும் தனித்தனியாக ஆட்டம் பார்த்துத்தான் பேச வேண்டும். இன்னொன்று, நட்சத்திரம் பெரும்பாலும் அந்தப் பையன் எதிர்காலத்தில் எந்த உயரத்துக்குப் போவான் என்ற ஊகம். அடுத்த நவம்பரில் கல்லூரி அணியில் இறங்கி என்ன செய்வான் என்பது வேறு கேள்வி. ரசிகர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

பின்னாளில் என்.பி.ஏ.யின் பெரிய நட்சத்திரமான ஸ்டீஃபன் கரியை எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு நுணுக்கம் விடுபட்டுப் போகிறது. வட கரோலினாவின் சார்லட் நகரில் பள்ளி முடித்தபோது அவர் ஒல்லியான, 6 அடி உயரப் பையன். அப்பா டெல் கரி வர்ஜீனியா டெக்கின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். அந்தக் கல்லூரியே மகனுக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை, சொந்தச் செலவில் வந்து அணியில் சேரலாம் என்றது. அவர் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். 2008இல் இரண்டாம் ஆண்டு மாணவராக ஒரே பருவத்தில் 162 மூன்று புள்ளி எறிதல்களை (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) போட்டுப் புதிய சாதனை படைத்தார். டேவிட்சன் நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து, கான்சஸிடம் 59-57 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. நட்சத்திரம் கொடுத்தவர்களுக்குக் கண் இல்லை என்று இதைக் கேட்டவர்கள் சொல்வார்கள். ஆனால் பையன் நன்றாக எறிகிறான் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இந்த உடம்போடு பெரிய ஆட்களுக்கு எதிரே அந்த எறிதலை எறிய விடுவார்களா என்பதுதான் சந்தேகம். சந்தேகம் நியாயமானது, பதில்தான் தவறிப்போனது. எடைபோடும்போது இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

எங்கே, யாருக்கு எதிராக

ஒரு பையனை இரண்டு இடத்தில் பார்க்கலாம். ஒன்று பள்ளி அணி, குளிர்காலத்தில். இன்னொன்று ஏ.ஏ.யூ. என்று பொதுவாக அழைக்கப்படும் கோடைக்கால கிளப் அணிகள். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் என்று ஷூ நிறுவனங்கள் தனித்தனியாகத் தொடர்கள் நடத்துகின்றன. நைக்கியின் தொடர் 2010இல் தொடங்கியது. ஜூலை மாதம் தெற்கு கரோலினாவின் வடக்கு அகஸ்டா நகரில் அதன் கடைசிக் கட்டமான பீச் ஜாம் நடக்கும். ஒரே கூரையின் கீழ் நாட்டின் பெரிய பயிற்சியாளர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

கோடை ஆட்டத்தில் எதிராளி கனமானவன். 6 அடி 10 அங்குலப் பையன் இன்னொரு 6 அடி 10 அங்குலப் பையனோடு மோதுவதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே அணிகள் சேர்ந்து பயிற்சி செய்ய நேரம் குறைவு. வேகமாக ஓடி எறிவதுதான் அதிகம். பள்ளி ஆட்டத்தில் எதிராளி சுமாராக இருக்கலாம். ஆனால் ஒரே பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் பழகிய ஒழுங்கு தெரியும், தோற்கும்போது பையன் தன் நண்பர்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதும் தெரியும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

எதிராளி யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு கூப்பர் ஃபிளாக் நல்ல உதாரணம். மெய்ன் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சின்ன ஊர். பள்ளியில் சேர்ந்த முதல் வருடமே, 2022இல், தன் பள்ளிக்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மெய்ன் கூடைப்பந்துக்குப் பேர்போன மாநிலம் இல்லை என்பதால் அப்போது சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பிறகு ஃப்ளோரிடாவின் மான்ட்வர்டி அகாதமிக்கு மாறினார். அது நாடு முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்து தங்கிப் படிக்கும் பள்ளி. அங்கே அவர் அணி 2023-24 பருவத்தில் 33 ஆட்டத்திலும் வென்றது. ஊரில் செய்ததையே பெரிய ஆட்களுக்கு எதிரேயும் செய்தார். அதற்கு மேல் யாரும் மெய்ன் மாநிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஃபிளாக்கிடம் இன்னொரு பாடமும் உண்டு. அவர் பிறந்தது 2006 டிசம்பரில். 2025இல் பள்ளி முடித்திருக்க வேண்டியவர், ஒரு வருடம் முன்பாகவே முடித்து 2024இல் டியூக்குக்குப் போனார். கல்லூரியில் முதல் ஆட்டம் ஆடியபோது வயது 17. இதன் எதிர்ப்பக்கமும் நடக்கும். ஒரு வருடம் கூடுதலாகப் பள்ளியில் இருந்துவிட்டு 19 வயதில் வரும் பையன்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே வருடப் பட்டியலில் இருப்பார்கள். அந்த வயதில் ஒன்றரை வருட வித்தியாசம் என்பது தோள்பட்டையிலும் தொடையிலும் தெரியும். ஆகவே வகுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் பிறந்த மாதத்தைப் பாருங்கள்.

ஆட்டத்தைப் பார்ப்பது

கற்பனைக்கு ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். இந்தியானாவில் ஒரு சின்ன ஊர். உயரம் 6 அடி 5 அங்குலம். ஆட்டத்துக்கு 24 புள்ளி, 9 ரீபவுண்டு. மூன்று நட்சத்திரம். நம் கல்லூரி அவனுக்கு ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு நிமிட ஹைலைட் வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதில் அவன் ஐந்து முறை வளையத்தில் தொங்குகிறான், எட்டு முறை தூரத்திலிருந்து எறிந்து போடுகிறான்.

அந்த வீடியோவை மூடி வைத்துவிட்டு ஒரு முழு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பள்ளி ஆட்டங்களை முழுசாக ஒளிபரப்பும் தளங்கள் இப்போது நிறைய. ஹைலைட்டில் தவறிய பந்து இருக்காது. பந்தைப் பறிகொடுத்தது இருக்காது, டிஃபன்ஸுக்குத் திரும்பி ஓடாமல் நின்றதும் இருக்காது. எடைபோடத் தேவையானதில் பாதி அந்த வெட்டி எறியப்பட்ட துண்டுகளில்தான் இருக்கிறது.

முதலில் இடம். 6 அடி 5 அங்குலப் பையன் அந்த ஊரில் எல்லோரையும்விட உயரம். அதனால் பயிற்சியாளர் அவனை வளையத்துக்குக் கீழே நிறுத்தி ஆடவிட்டிருப்பார். 9 ரீபவுண்டு அப்படி வந்ததாக இருக்கலாம். கல்லூரியில் அதே இடத்தில் நிற்பவன் 6 அடி 10 அங்குலம் இருப்பான். அங்கே நம் பையன் வெளியே வந்து, பந்தைத் தட்டிக்கொண்டு, தன்னைவிட வேகமான ஆளைத் தாண்ட வேண்டும். அந்த வேலையை அவன் பள்ளியில் செய்து பார்த்ததே இல்லை என்றால், 24 புள்ளி என்பது கல்லூரிக்கு அவனோடு வராத சொத்து. இரண்டு இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவனை ட்வீனர் என்பார்கள். பள்ளியில் ராஜாவாக இருந்து கல்லூரியில் காணாமல் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகை என்பது நான் பார்த்தவரையில் உண்மை.

உயரத்தோடு கைநீளத்தையும் கேளுங்கள். இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி எவ்வளவு என்பதை விங்ஸ்பேன் என்கிறார்கள். 6 அடி 5 அங்குலம் இருந்து, கைவிரிப்பு 6 அடி 11 அங்குலம் என்றால் அவன் ஆடும்போது பெரிய ஆள். பள்ளிகள் வெளியிடும் உயரத்தில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கூடுதலாகவே இருக்கும். ஷூவோடு அளப்பார்கள். அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளின் உயரம் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். உயரம் மட்டும் போதும் என்றால் வேலை சுலபம். பஞ்சாபிலிருந்து ஃப்ளோரிடா போய்ப் படித்த சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். கல்லூரியில் ஆடாமலே 2015இல் டல்லாஸ் அணி 52ஆவது ஆளாக அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான முதல் ஆள் அவர்தான். அது பெரிய விஷயம், எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் என்.பி.ஏ.யில் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பெரிய உடம்பும் அங்கே பக்கவாட்டில் வேகமாக நகர வேண்டியிருக்கிறது.

அடுத்து எறிதல். இதில்தான் ரசிகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நம் பையன் 24 புள்ளியை எத்தனை எறிதலில் எடுத்தான்? 20 முறை எறிந்து, 9 முறை போட்டு, அதில் 2 தூரத்து எறிதல், கூட 4 ஃப்ரீ த்ரோ என்றாலும் 24தான். 14 முறை எறிந்து, 8 முறை போட்டு, அதில் 3 தூரத்து எறிதல், கூட 5 ஃப்ரீ த்ரோ என்றாலும் 24தான். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சின்னக் கணக்கு உண்டு. உள்ளே விழுந்த எறிதல்களின் எண்ணிக்கையோடு, அதில் மூன்று புள்ளி எறிதல்கள் எத்தனையோ அதில் பாதியைக் கூட்டி, மொத்த எறிதலால் வகுக்க வேண்டும். முதல் பையனுக்கு 10ஐ 20ஆல் வகுத்தால் 50 சதவீதம். இரண்டாவது பையனுக்கு 9.5ஐ 14ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 68 சதவீதம். முதலாமவன் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆடியவன். இரண்டாமவன் கிடைத்ததை வீணாக்காதவன். கல்லூரியில் முதல் வருடம் அநேகமாக யாருக்கும் 20 எறிதல் கிடைக்காது. குறைவாகக் கிடைக்கும்போது ஆடத் தெரிந்தவன் எவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று புள்ளிக் கோடும் ஒன்று இல்லை. பள்ளியில் அது 19 அடி 9 அங்குலம். கல்லூரியில் ஆண்களுக்கு 2019 முதல் 22 அடி 1¾ அங்குலம். இரண்டு அடிக்கு மேல் பின்னே போகிறது. பள்ளியில் கோட்டை ஒட்டி நின்று எறிகிறவனையும், கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்று சிரமமில்லாமல் எறிகிறவனையும் ஒரே சதவீதம் பிரித்துக் காட்டாது. கண்தான் காட்டும். பந்து கையை விட்டுப் போகும் விதத்தைப் பாருங்கள். கால் தரையை விட்டு எழுவதிலிருந்து விரல் பந்தை விடுவதுவரை ஒரே ஓட்டமாக இருந்தால் தூரம் கூடினாலும் தாங்கும். தோளிலிருந்து தள்ளி எறிகிறவனுக்கு அந்த இரண்டு அடி பாரமாகிவிடும்.

சதவீதத்தை நம்புவதற்கு முன்னால் எண்ணிக்கையைப் பாருங்கள். அவன் ஒரு பருவத்தில் 50 முறை எறிந்து 20 போட்டால் 40 சதவீதம், ‘அருமையான ஷூட்டர்’ என்பார்கள். வளையத்தின் விளிம்பில் உருண்டு உள்ளே விழுந்த நான்கு பந்து வெளியே விழுந்திருந்தால் 32 சதவீதம், ‘ஷூட்டிங் வராது’ என்பார்கள். ஒரே பையன், நான்கே பந்து. இதனால்தான் அனுபவமுள்ள ரசிகர்கள் ஃப்ரீ த்ரோவைப் பார்க்கிறார்கள். ஃப்ரீ த்ரோ கோடு பள்ளியிலும் கல்லூரியிலும் என்.பி.ஏ.யிலும் ஒரே 15 அடி. யாரும் எதிரே கை தூக்க மாட்டார்கள். எண்ணிக்கையும் அதிகம். பருவத்தில் 130 ஃப்ரீ த்ரோ எறிந்து 80 சதவீதத்துக்கு மேல் போடும் பையனுக்கு, தூரத்து எறிதல் இந்த வருடம் சரியாக விழாவிட்டாலும், கை நல்ல கை என்று நம்பலாம். 55 சதவீதம் போடுகிறவன் தூரத்தில் 40 சதவீதம் வைத்திருந்தால் நான் கொஞ்சம் பொறுத்திருந்து பார்ப்பேன்.

பொறுப்பதற்கு ஒரு காரணம் பட்டி ஹீல்ட். பஹாமாஸிலிருந்து வந்து கான்சஸில் பள்ளி முடித்து ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். முதல் வருடம் மூன்று புள்ளி எறிதலில் அவர் சதவீதம் 23.8. நான்காம் வருடம் 45.7. அந்த வருடம், 2016இல், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்.

பந்து கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பதினைந்து நிமிடம் பந்தையே பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். நண்பன் பந்தோடு உள்ளே போகும்போது இவன் இடம் மாறி அவனுக்கு வழி விடுகிறானா? எதிரணி எறிந்தவுடன் பந்தை வாய் பார்க்கிறானா, தன் ஆளை முதுகால் தடுத்து நிற்கிறானா? தன் பந்து பறிபோனால் அடுத்த மூன்று நொடி எப்படி இருக்கிறான்? சில பையன்கள் நடுவரைப் பார்த்துக் கை விரிப்பார்கள். சிலர் திரும்பி ஓடிவிடுவார்கள். ஓடுகிறவனைக் கல்லூரிப் பயிற்சியாளர் சீக்கிரம் களத்தில் இறக்குவார். பள்ளி ஆட்டம் 32 நிமிடம், பல மாநிலங்களில் எறிவதற்குக் கெடு வைக்கும் ஷாட் கிளாக்கே கிடையாது. கல்லூரியில் 40 நிமிடம், முப்பது நொடிக்குள் எறிந்தாக வேண்டும். அந்த வேகத்தில் ஓய்வெடுக்க இடம் கிடைக்காது.

நம் அணிக்கு எதற்கு?

சரி, பையன் நல்லவன் என்று முடிவாகிவிட்டது. அவன் நமக்கு வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஏற்கனவே அதே இடத்தில் ஆட நம்மிடம் இரண்டு பேர் இருக்கிறார்களா? நம் பயிற்சியாளர் வேகமாக ஆடுகிறவரா, நிதானமாக ஆடுகிறவரா? அவரிடம் இதற்கு முன் வந்த இதே மாதிரிப் பையன்கள் என்ன ஆனார்கள்?

2005இல் என்.பி.ஏ. ஒப்பந்தத்தில் ஒரு விதி வந்தது. பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆகி, அந்த வருட முடிவுக்குள் 19 வயதை எட்டுகிறவர்தான் டிராஃப்ட்டுக்கு வரலாம். அதனால் மேல்வரிசைப் பையன்கள் கல்லூரியில் ஒரே வருடம் ஆடிவிட்டுப் போய்விடுகிறார்கள். டேவிஸ் அப்படித்தான், ஃபிளாக்கும் அப்படித்தான். இவர்களை எடைபோடும்போது இன்றைய ஆட்டம் மட்டுமே கணக்கு. மூன்று நட்சத்திரப் பையனுக்கு அது வேறு. கான்சஸுக்கு வந்த ஃபிராங்க் மேசன் 6 அடிக்கும் குறைவு, அவரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. நான்காம் வருடம், 2017இல், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதுகளை வாங்கினார். அப்படிப்பட்டவரை எடுக்கும்போது மூன்றாம் வருடத்தை மனதில் வைத்து எடுக்கிறோம்.

இந்தக் கணக்கை இரண்டு விஷயங்கள் இப்போது கலைத்துப் போட்டிருக்கின்றன. ஒன்று, ஆட்டக்காரர்கள் வருடாவருடம் கல்லூரி மாறலாம். 2021இல் ஒருமுறை மாறினால் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள், 2024இல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆனது. இன்னொன்று பணம். 2021 ஜூலை முதல் மாணவர் தன் பெயர், படத்தை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். அதனால் பயிற்சியாளர்கள் வேறு கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய 22 வயது ஆளை எடுக்கத் தயங்குவதில்லை. நம் இந்தியானாப் பையன் போட்டிபோடுவது இன்னொரு பள்ளிப் பையனோடு மட்டும் இல்லை, தாடி வைத்த பெரிய ஆட்களோடும்தான். மூன்று நட்சத்திரப் பையன்களுக்கு இது உண்மையிலேயே கஷ்ட காலம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

யார் யார் ஆஃபர் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் படிக்கத் தெரிய வேண்டும். நல்ல பயிற்சியாளர் நான்கு பேர் ஒரே பையன் பின்னால் போனால் அது எந்த நட்சத்திரத்தையும்விடப் பெரிய சான்று. ஆனால் ஆஃபர் எல்லாம் ஒன்று இல்லை. ‘இன்றைக்கே சரி என்றால் இடம் உனக்கு’ என்பதும் ஆஃபர்தான், ‘உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதும் ஆஃபர்தான். தலைமைப் பயிற்சியாளர் தானே எத்தனை முறை போய்ப் பார்த்தார், பையன் கல்லூரிக்கு நேரில் வந்து தங்கிப் பார்த்தானா என்பதில் வித்தியாசம் தெரியும்.

பட்டியலே இல்லாத பையன்களும் உண்டு. 2016 கோடையில் முர்ரே ஸ்டேட் என்ற கல்லூரியின் துணைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் தெற்கு கரோலினாவில் ஒரு முகாமுக்கு வேறொரு பையனைப் பார்க்கப் போனார். சிப்ஸ் வாங்க நடந்து போகும்போது பின்பக்கத்து ஜிம்மில் பந்து சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடிக்கொண்டிருந்த அந்த இடத்தில் இருந்தவர் ஜா மொராண்ட். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 10 அசிஸ்ட் (கூட ஆடுகிறவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்). 2019 டிராஃப்ட்டில் இரண்டாவது ஆள்.

ரசிகர் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பையனுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். ‘எங்களிடம் வா’ என்று கெஞ்சுவதும் வேண்டாம், வேறு கல்லூரிக்குப் போனான் என்று திட்டுவதும் வேண்டாம். கல்லூரிகளே தங்கள் ரசிகர்களிடம் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கின்றன, அது விதிமீறலில் போய் முடியலாம். அதைவிட முக்கியம், அந்தப் பக்கத்தில் போனைப் பிடித்திருப்பது 17 வயதுக் கை. நேற்றுவரை ‘அடுத்த பெரிய ஆள்’ என்று புகழ்ந்த அதே வாய், அவன் போட்டிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த மறுநாள் ‘அவனுக்கு டிஃபன்ஸே வராது’ என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரே இரவில் பையனின் கால் மெதுவாகிவிடவில்லை. முடிவு தெரிவதற்கு முன்னால் எழுதிய கருத்தை முடிவு தெரிந்த பிறகு மாற்றாமல் வைத்திருந்தால் உங்கள் கண் மெல்ல மெல்லத் தேறும்.

அதற்காகவே நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முழு ஆட்டம் ஒன்றைப் பார்த்து முடித்ததும் தேதி போட்டுச் சில வரி எழுதுவேன். கல்லூரியில் எந்த இடத்தில் ஆடுவான், முதல் வருடம் எத்தனை நிமிடம் கிடைக்கும், எது வராமல் போகலாம், எந்த ஆட்டத்தைப் பார்த்து இதைச் சொல்கிறேன். நம் இந்தியானாப் பையனுக்கு எழுதுவதென்றால் இப்படி இருக்கும்: ‘வெளியே ஆட வேண்டியவன். பந்தைத் தட்டுவது இடது கையில் பலவீனம். ஃப்ரீ த்ரோ 82, கை நன்றாக இருக்கிறது. முதல் வருடம் எட்டு நிமிடம். பந்து பறிபோனால் உடனே திரும்பி ஓடுகிறான். மூன்றாம் வருடம் மறுபடி பார்.’